துண்டுச் சீட்டு முதல் டி.சி. வரை: இடம் மாறும் உரிமையின் வரலாறு

ஜூன், ஜூலை மாதங்களில் மதுரைக் கல்லூரிகளில் சேர்க்கை நடக்கும்போது ஸ்போர்ட்ஸ் கோட்டா தேர்வும் நடக்கும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி, அலங்காநல்லூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கபடியும் ஓட்டமும் கைப்பந்தும் ஆடிப் பழகிய பிள்ளைகள் சான்றிதழ்க் கட்டோடு வந்து வரிசையில் நிற்பார்கள். இடம் கிடைத்துவிட்டால் கட்டணம் குறையும். சில கல்லூரிகளில் கட்டணமே இருக்காது. விடுதியும் சாப்பாடும் அதோடு சேர்ந்து வரும் இடங்களும் உண்டு. சேரியிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிப்பவருக்கு அந்த ஒரு இடத்துக்குள்ளேயே படிப்பு, படுக்கை, மூன்று வேளைச் சோறு எல்லாம் அடங்கியிருக்கிறது.

அந்த இடத்தின் மதிப்பை மதுரை நேரில் பார்த்திருக்கிறது. சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியிடம் வளர்ந்த ரேவதி வீரமணி வெறுங்காலோடு ஓடத் தொடங்கியவர். லேடி டோக் கல்லூரியில் படித்தார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். ஒரு பயிற்சியாளரின் கண்ணில் பட்டதும், ஒரு கல்லூரியில் இடம் கிடைத்ததும் ஒரு வாழ்க்கையை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் உள்ளே போவதைப் பற்றிப் பேசும் அளவுக்கு வெளியே வருவதைப் பற்றி நாம் பேசுவதில்லை. சேர்ந்த கல்லூரி ஒத்துவரவில்லை என்றால் என்ன ஆகும்? பயிற்சியாளர் சாதி பார்த்து அணியில் இறக்காமல் பெஞ்சிலேயே உட்கார வைத்தால்? விடுதியில் சாதி சொல்லி அவமானப்படுத்தினால்? வீட்டில் யாராவது படுத்துவிட்டு, ஊருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய நிலை வந்தால்? வேறு கல்லூரிக்குப் போகலாம். போனால் ஆட விடுவார்களா?

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை நடத்துவது ஏ.ஐ.யூ. என்கிற இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். 1925இல் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வாரியமாகத் தொடங்கிய அமைப்பு அது. அதன் விதிப்படி ஒரு கல்வியாண்டில் ஒரு மாணவர் ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்காக மட்டுமே ஆடலாம். வயது வரம்பும் இருக்கிறது. இப்போது அது 17 முதல் 25 வரை. எழுத்தில் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே விதி. ஆனால் ஒரு வருடம் என்பது எல்லோருக்கும் ஒரே அளவா? அப்பா செலவில் படிப்பவருக்கு ஆடாமல் போன வருடம் ஓய்வு. பள்ளியை இடையில் விட்டு, செங்கல் சூளைக்கோ கட்டட வேலைக்கோ போய், பிறகு படிக்க வந்தவருக்கு ஏற்கெனவே இரண்டு மூன்று வருடம் கரைந்துவிட்டது. அவருக்கு இன்னொரு வருடம் போனால், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே, காவல்துறை, மின்வாரியம் என்று எழுதிப்போட வேண்டிய சான்றிதழே போய்விடும்.

ஒருவர் இடம் மாற வேண்டுமானால் இன்னொருவர் கையெழுத்து வேண்டும் என்பது இன்றைய கல்லூரி விதியாக மட்டும் தொடங்கவில்லை. நம் மக்களுக்கு அது மிகப் பழைய கதை.

துண்டு

19ஆம் நூற்றாண்டில் மதுரை, இராமநாதபுரம், திருச்சி, திருநெல்வேலி, சேலம் சமவெளிகளிலிருந்து லட்சக்கணக்கானோர் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், சக்கிலியர் என்று ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போவார். கப்பல் செலவு, வழிச் சாப்பாடு, கம்பளி எல்லாம் கடன் கணக்கில் ஏறும். தோட்டத்தில் கால் வைக்கும்போதே தொழிலாளி கடனாளி.

ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்தக் கங்காணியையும் அவர் ஆட்களையும் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீராது, கடன்காரர் மட்டும் மாறுவார். ஒவ்வொரு கைமாற்றத்திலும் தொகை ஏறும். சீட்டு இல்லாமல் போனவருக்கு ‘ஓடிப்போனவர்’ என்று பெயர். இலங்கையின் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலையை விட்டு ஓடிப்போவது சிறைக்கு அனுப்பும் குற்றம். இந்தியாவிலும் இதே நிலைதான். முன்பணம் வாங்கிய வேலையாள் வேலையை விட்டுப் போனால் தண்டிக்க 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் இருந்தது. 1925இல்தான் அதை நீக்கினார்கள். துண்டு முறை 1921இல் ஒழிந்தது.

ஊரில் பண்ணையாள் நிலைமையும் வேறல்ல. தாத்தா வாங்கிய கடனுக்குப் பேரன் பண்ணையில் நிற்பான். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நாடு முழுவதற்கும் 1976இல்தான் வந்தது.

இந்த வரலாற்றை இங்கே கொண்டுவரக் காரணம் இருக்கிறது. கல்லூரி வீரரும் தோட்டத் தொழிலாளியும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. விடுதியில் தூங்கும் மாணவரை லயத்தில் அடைபட்டவரோடு ஒப்பிட்டால் அந்த லயத்தில் செத்தவர்களுக்கு நாம் செய்யும் அநியாயம் அது. ஆனால் விதியின் எலும்புக்கூட்டைப் பாருங்கள். உழைப்பவர் போக நினைக்கிறார். போவதற்குக் காகிதம் வேண்டும். அந்தக் காகிதம் யாரை விட்டு விலகுகிறாரோ அவர் கையில் இருக்கிறது. சாதி ஆயிரம் ஆண்டுகளாக இப்படித்தான் வேலை செய்தது. இன்னார் இந்தத் தொழில், இன்னார் இந்தத் தெரு, இதைவிட்டு நகரக் கூடாது. அண்ணல் அம்பேத்கர் கிராமத்தைப் புகழ்ந்தவர்களோடு அரசியல் நிர்ணய சபையிலேயே மல்லுக்கு நின்றதும் இதனால்தான். நகர முடிந்தவரைத்தான் ஒருவர் விடுதலை பெற்றவர்.

புனேயை விட்டுப் போன பந்துவீச்சாளர்

விளையாட்டில் இதற்கு முதல் சான்று பல்வங்கர் பாலு. 1876இல் பிறந்தவர், சாமர் சாதி. புனேயில் வெள்ளைக்காரர்களின் ஜிம்கானாவில் மாதம் 4 ரூபாய் சம்பளத்துக்கு ஆடுகளம் பராமரித்தபடி வலையில் பந்து வீசினார். அவர் திறமையைப் பார்த்த இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் எல்லோரும் அதே பந்தைத் தொட்டார்கள். இடைவேளையில் அவருக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே, தூக்கி எறியும் மண் கோப்பையில் தேநீர்.

1896வாக்கில் பாலு பம்பாய்க்கு இடம் பெயர்ந்தார். அங்கே இந்து ஜிம்கானாவுக்காக ஆடினார். 1911இல் இந்திய அணியோடு இங்கிலாந்து போய் 100க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். புனேயை விட்டுப் போக யாரிடமும் அவர் துண்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டியிருக்கவும் இல்லை. போக முடிந்ததால்தான் இந்தியா அவரைப் பார்த்தது. ஆனாலும் இந்துக்கள் அணிக்கு அவரைத் தலைவராக்கவில்லை. அந்த இடம் அவர் தம்பி விட்டலுக்கு 1923இல்தான், பெரிய சர்ச்சைகளுக்குப் பிறகு, கிடைத்தது. தலித் தலைவராகக் கூடாது என்று எந்த விதிப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதாத விதிதான் அங்கே நடுவராக நின்றது.

அமெரிக்காவின் ஒரு வருடக் காத்திருப்பு

கல்லூரி மாறும் வீரருக்கான விதி மிகப் பெரிய சண்டையாக வெடித்த நாடு அமெரிக்கா. அங்கே கல்லூரி விளையாட்டு கோடிக்கணக்கான டாலர் புரளும் தொழில். 1906இல் தொடங்கிய என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு அதை நடத்துகிறது. கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆடக் கூடாது என்பது அதன் நெடுநாள் விதி. படிப்பு கெடக் கூடாது, ஒரு கல்லூரியின் ஆளை இன்னொரு கல்லூரி வலைவீசிப் பிடிக்கக் கூடாது என்று காரணம் சொன்னார்கள்.

பிற்பாடு பல விளையாட்டுகளுக்கு ஒரு முறை மட்டும் காத்திருக்காமல் மாறலாம் என்று தளர்த்தினார்கள். ஆனால் முதல்நிலைப் போட்டிகளில் ஐந்து விளையாட்டுகளுக்கு அந்தத் தளர்வு இல்லை: அமெரிக்கக் கால்பந்து, ஆண்கள் கூடைப்பந்து, பெண்கள் கூடைப்பந்து, பேஸ்பால், ஆண்கள் ஐஸ் ஹாக்கி. கறுப்பின மாணவர்கள் பெருமளவில் ஆடுவதும், கல்லூரிகளுக்குப் பணம் கொட்டுவதும் கால்பந்திலும் கூடைப்பந்திலும்தான். பணம் விளையும் வயலில்தான் வேலி உயரமாக இருந்தது. அதே காலத்தில் பயிற்சியாளர்கள் பெரிய சம்பளத்துக்கு ஒரு கல்லூரியை விட்டு இன்னொன்றுக்குத் தாவினார்கள். அவர்களை யாரும் ஒரு வருடம் உட்கார வைக்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. 2018 அக்டோபர் வரை, வேறு கல்லூரியோடு பேசுவதற்கே பழைய கல்லூரியின் அனுமதி வேண்டும். அனுமதி மறுத்தால் புதிய கல்லூரி விளையாட்டு உதவித்தொகை தர முடியாது. துண்டு நினைவுக்கு வருகிறதா? அந்த அக்டோபரில்தான் அனுமதி கேட்பது போய், ‘நான் போகிறேன்’ என்று தெரிவித்தால் போதும் என்றானது.

வறுமையை நிரூபி

விதி இருக்கும் இடத்தில் விதிவிலக்கும் இருக்கும். விதிவிலக்கு யாருக்கு, எந்தக் காரணத்துக்கு, யார் தருவது என்பதில்தான் அதிகாரம் ஒளிந்திருக்கிறது.

ஸ்பென்சர் ஹேவுட் மிசிசிப்பியில் பருத்தி பறித்த கறுப்பினக் கூலிக் குடும்பத்தில் 1949இல் பிறந்தவர். 19 வயதில் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் கூடைப்பந்துத் தங்கம் வென்றார். ஆனால் பள்ளி முடித்து நான்கு ஆண்டுகள் ஆகாதவர் என்.பி.ஏ. தொழில்முறைப் போட்டியில் ஆடக் கூடாது என்பது விதி. அவரை சியாட்டில் அணி சேர்த்துக்கொண்டபோது வழக்கு வந்தது. 1971 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் ஆடலாம் என்ற இடைக்கால உத்தரவை நிலைநிறுத்தியது.

பிறகு என்.பி.ஏ. என்ன செய்தது? விதியை எடுத்துவிடவில்லை. குடும்பம் கஷ்டத்தில் இருக்கிறது என்று நிரூபிப்பவருக்கு மட்டும் விலக்கு தருவதாக அறிவித்தது. ‘கஷ்டநிலை’ விதி என்றே அதற்குப் பெயர். திறமையைக் காட்டி வந்த இளைஞர்கள் வறுமையையும் காட்ட வேண்டியிருந்தது. 1976இல் அந்த நிபந்தனையைக் கைவிட்டார்கள். தாலுகா அலுவலகத்தில் வருமானச் சான்றிதழுக்காக நின்ற நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. உரிமை என்றால் பெயரைச் சொன்னால் போதும். சலுகை என்றால் கிழிந்த சட்டையையும் காட்ட வேண்டும்.

கல்லூரிக் களத்தில் இதே கதை ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நடந்தது. 2021 ஏப்ரலில் எல்லா விளையாட்டுக்கும் ஒரு முறை காத்திருக்காமல் மாறலாம் என்று என்.சி.ஏ.ஏ. ஒப்புக்கொண்டது. இரண்டாம் முறை மாறுபவர் மட்டும் விலக்கு கேட்டு மனுப் போட வேண்டும். 2023இல் அந்த விலக்கையும் இறுக்கினார்கள்.

டெஸ் வாக்கர் என்ற கறுப்பின வீரர் முதலில் சேர்ந்தது நார்த் கரோலினா சென்ட்ரல் என்ற, கறுப்பினத்தவருக்காகத் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகத்தில். கோவிட் காரணமாக 2020இல் அங்கே கால்பந்துப் பருவமே ரத்தானது. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் கென்ட் ஸ்டேட் போனார். பிறகு நோயுற்ற பாட்டிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், தன் மனநலமும் முக்கியம் என்று சொல்லி நார்த் கரோலினா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். இது இரண்டாவது மாற்றம் என்று விலக்கை மறுத்தார்கள். நாடே பேசிய பிறகு 2023 அக்டோபரில் கொடுத்தார்கள்.

அடுத்து ரேக்வான் பேட்டில். துலாலிப் பழங்குடி ஒதுக்கிடத்திலிருந்து வந்த கூடைப்பந்து வீரர். மேற்கு வர்ஜீனியாவுக்கு மாறிய அவருக்கும் விலக்கு மறுக்கப்பட்டது. 2023 டிசம்பரில் ஏழு மாநிலங்கள் சேர்ந்து என்.சி.ஏ.ஏ. மீது வழக்குத் தொடுத்தன. பேட்டில் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். நீதிபதி அந்த விதிக்கு இடைக்காலத் தடை விதித்தார். 2024 ஏப்ரலில், படிப்பில் தகுதியோடு இருப்பவர் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்று என்.சி.ஏ.ஏ. விதியையே மாற்றிக்கொண்டது.

வாக்கருக்கு ஒரு பெரிய பல்கலைக்கழகமும் பத்திரிகைகளும் துணை நின்றன. பேட்டிலுக்கு ஏழு மாநிலங்களின் அரசு வழக்கறிஞர்கள் வந்தார்கள். இவை எதுவும் இல்லாமல் மறுப்புக் கடிதத்தோடு வீட்டுக்குப் போனவர்கள்? விலக்கு என்பது ஆள் பலம் உள்ளவருக்குச் சீக்கிரம் கிடைக்கும். விதி மாறினால்தான் ஆள் பலம் இல்லாதவருக்கும் கிடைக்கும்.

நம் ஊர்க் காகிதங்கள்

இப்போது மதுரைக்கு வருவோம். நம் மாணவரைக் கட்டிவைப்பது விளையாட்டு விதி மட்டுமல்ல.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அண்ணல் அப்போது வைஸ்ராயின் நிர்வாக சபையில் உறுப்பினர். நம்மில் எத்தனையோ பேரைப் பட்டதாரியாக்கிய திட்டம். ஆனால் அதன் வழிகாட்டு நெறிகளில் ஒரு நிபந்தனை நெடுங்காலமாக இருந்துவருகிறது. மாநில அரசின் முன் அனுமதி இல்லாமல் பாடப்பிரிவையோ கல்வி நிறுவனத்தையோ மாற்றினால் உதவித்தொகையை ரத்து செய்யலாம். பணம் வைத்துப் படிப்பவர் கல்லூரி மாற டி.சி. போதும். உதவித்தொகையில் படிக்கும் தலித் மாணவருக்கு அதோடு அரசின் அனுமதியும் வேண்டும். அவர் வீரராகவும் இருந்துவிட்டால் விளையாட்டு விதி மூன்றாவது பூட்டு.

டி.சி.யே சில இடங்களில் பிணையாகப் பிடித்துவைக்கப்படுகிறது. ‘இவ்வளவு நாள் சும்மா சோறு போட்டோம், கட்டிவிட்டுப் போ’ என்ற பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. இதற்குச் சட்ட ஆதரவு இல்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018 அக்டோபர் அறிவிக்கையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பள்ளிகள் தொடர்பான வழக்கில் 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும், டி.சி. கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியல்ல என்று கூறியது.

அடுத்தது காரணம். மாற விரும்புபவர் கடிதத்தில் ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதுகிறார். உண்மைக் காரணம் சாதியாக இருந்தாலும் அதை எழுத முடிவதில்லை. எழுதினால் அதே துறைத் தலைவரும் அதே பயிற்சியாளரும் அல்லவா கையெழுத்துப் போட வேண்டும்? அதனால் நம் வெளியேற்றங்கள் எல்லாம் கோப்பில் குடும்பச் சூழ்நிலையாகவே பதிவாகின்றன. பாகுபாடு காகிதத்தில் ஏறுவதே இல்லை.

‘அப்படியானால் விதியே வேண்டாமா?’

விதி வேண்டும். காத்திருப்பு விதிக்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் பொய்யல்ல. கோப்பைக்காகக் கூலிக்கு ஆள் பிடிக்கும் கல்லூரிகள் உண்டு. ஒரு சிறிய கல்லூரியும் அதன் உடற்கல்வி ஆசிரியரும் மூன்று வருடம் வியர்வை சிந்தி உருவாக்கிய வீரரைப் பணக்காரக் கல்லூரி கடைசி வருடத்தில் தூக்கிக்கொண்டு போனால் வலிக்கத்தான் செய்யும். அமெரிக்காவில் கதவு முழுதாகத் திறந்த பிறகு பணமுள்ள பல்கலைக்கழகங்கள் பக்கம் திறமை சாய்கிறது. பழைய இடத்தை விட்டுவிட்டு, புதிய இடம் கிடைக்காமல் உதவித்தொகையை இழந்தவர்களும் அங்கே உண்டு. திறந்த கதவு மட்டும் நீதியாகிவிடாது. போகும் இடத்திலும் சோறும் படுக்கையும் இருக்க வேண்டும்.

ஆனால் ஆள் பிடிக்கும் கல்லூரியைத் தடுக்க வேண்டுமானால் அந்தக் கல்லூரியைத் தண்டியுங்கள். மாணவரின் காலைக் கட்டிவிட்டு, அதற்கு ஒழுங்கு என்று பெயர் வைக்காதீர்கள்.

மாணவர் அமைப்புகளில் இருக்கும் இளைய தோழர்களிடம் நாம் சொல்வது இவைதான். விளையாட்டு இடத்தில் சேரும்போதே நிபந்தனைகளை எழுத்தில் வாங்குங்கள். வாய் வார்த்தை வாசலோடு போய்விடும். மாற்றத்துக்கு மனுப் போட்டால் தேதி முத்திரையோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுதிக்கேளுங்கள். அரசுக் கல்லூரியானாலும் பல்கலைக்கழகமானாலும் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. சாதிதான் காரணம் என்றால், 2012ஆம் ஆண்டின் யு.ஜி.சி. சமத்துவ விதிமுறைகள் ஒவ்வொரு கல்லூரியிலும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்கின்றன. அவர் யார் என்று கேட்டு, அவரிடம் எழுத்தில் புகார் கொடுத்த பிறகு மாற்ற மனுவை எழுதுங்கள். அப்போதுதான் உண்மைக் காரணம் கோப்பில் ஏறும்.

தனி மனுக்களோடு நின்றுவிடவும் கூடாது. கேட்க வேண்டிய மாற்றங்கள் மூன்று. பாகுபாட்டாலோ துன்புறுத்தலாலோ வெளியேறும் வீரர் அதே ஆண்டில் ஆட விதியிலேயே இடம் வேண்டும். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கல்லூரியோடு அல்லாமல் மாணவரோடு போக வேண்டும். மாற்ற மனுவின் மீது குறிப்பிட்ட நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ள வேண்டும்.

துண்டு முறையை எந்தத் துரையும் மனமிரங்கி ஒழிக்கவில்லை. ஹேவுட்டும் பேட்டிலும் நீதிமன்றப் படியேறினார்கள். நம் சார்பில் படியேற இங்கே ஏழு மாநிலங்கள் வரப்போவதில்லை. அடுத்த ஜூனில் வரிசையில் நிற்கப்போகும் பிள்ளைகளுக்கு முன்பாக அந்த வேலையை நாம்தான் தொடங்க வேண்டும்.